கருத்து இலக்கம் ஏழு

முப்பது நாள் அந்த அறிக்கை
பிரதேச செயலகத்தின் பின்மேசையில் கிடந்தது,
வங்கிப் பேனையைப் போல
நைலோன் நூலால் மேசைக்காலோடு கட்டப்பட்டு.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று
முடிச்சுப் போடும்போதே நினைத்தேன்.
முடிச்சுப் போட்டவள் நான்தான்.

அறிவித்தல், கடற்றொழிலாளர் சங்கச் சுவரில்
மூன்றாம் நாளே ஒரு ரியூசன் விளம்பரத்துக்குக் கீழே போயிற்று.
பதிவேட்டில் முதற் பெயர்
பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்க வந்து
மேசை மாறி நின்றவருடையது.
"கருத்து" என்ற கட்டத்தில் அவர்
மின்விசிறி சுற்றவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.
அது உண்மை.

இருபத்திரண்டாம் நாள் அன்ரனிற்றா வந்தாள்.
நாவாந்துறை. நண்டு வலை.
எழுத்தை விட்டுவிட்டு வரைபடங்களை மட்டும் பார்த்தாள்,
கிழிசல் தேடி வலையைக் கையால் இழுத்து
இழுத்துப் பார்ப்பது மாதிரி.
மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.
ஒன்றும் எழுதவில்லை.

பிறகு கூட்டம்.
கல்லுண்டாய் வெளியை அறுத்துப் போகும் வீதி
நாலு தடமாக வேண்டும்,
இரு பக்கமும் ஏரிக்குள் மண் கொட்டி,
அடியில் எட்டு மதகு வைத்து.
திரையில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்து போய்
ஒரு சொல்லின் மேல் நின்றது:
நீரோட்டத்தில் தாக்கம், அற்பம்.

முதலில் எழும்பியவர் அராலிக் குகநேசன்.
"வீதி வேணும் ஐயா.
என்ர மூத்தவள் அந்த வெளிக்கைதான் பிறந்தவள்,
அம்புலன்ஸ் பள்ளத்தில இறுகி நிண்ட நேரம்."
சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.
குறிப்பெடுப்பவள் தட்டக்கூடாது.

அன்ரனிற்றா கையை உயர்த்தாமலே கேட்டாள்:
"தண்ணி அளக்க எந்த மாசம் வந்தனீங்கள்?"
கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர்
தாளைப் புரட்டினார். ஓகஸ்ட். மூன்று நாள்.
"அந்த மூண்டு நாளும் ஏரி வீட்டில இல்லைத் தம்பி.
கதவைத் தட்டிப்போட்டு
ஆளில்லை எண்டு எழுதிக்கொண்டு போயிட்டியள்.
மார்கழியில வாங்கோ.
எட்டு மதகுக்கை ஆர் முதல் போறதெண்டு
தண்ணி சண்டை பிடிக்கும்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு வாக்கியமாக்கினார்.
பொறியியலாளர் தலையசைத்தார், மரியாதையாகத்தான்.
என் கட்டம் இரண்டு விரல் அகலம்.
"பருவகாலத் தரவின் போதாமை குறித்து
ஒருவர் வினவினார்" என்று எழுதினேன்.
எழுதிவிட்டு அந்த "ஒருவரை"ப் பார்த்தேன்.
முன்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு
கால்விரல் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
வெட்டினேன்.
அவள் சொன்னபடியே எழுதினேன், வீடும் கதவும் உட்பட.
கட்டத்தைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி,
எட்டாம் இலக்கத்தின் இடத்துக்குள்ளும் இறங்கி.

உதவிப் பணிப்பாளர் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார்.
இது பேச்சுவழக்கு.
ஆம் ஐயா, அவர் பேசித்தான் சொன்னார் என்று
அதையே திரும்பத் தட்டச்சு செய்தேன்.
இரண்டு முறை.
மூன்றாம் முறை அவருக்கு வேறு வேலை வந்திருக்க வேண்டும்.

பதில் நிரலில் வந்தது:
"கவனத்திற் கொள்ளப்பட்டது."
எத்தனை கோவைகளில் தட்டிய சொல்.
எழுத்தெழுத்தாக அல்ல,
ஒரே அசைவாக விரல்கள் அதை அடிக்கும்.

மார்கழி பதினொன்று. கொட்டி ஓய்ந்த காலை.
காரைநகர் பஸ் வெளிக்குள் மெதுவாகப் போகிறது,
வீதி எது ஏரி எது என்று சாரதிக்கே ஐயம்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிறேன்:
முழங்காலளவு தண்ணீரில்
காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு பொடியன்,
கையில் கோடுபோட்ட அளவுகோல்.
கொஞ்சம் தள்ளி, இடுப்பளவில் அவள்,
கையை வீசி வீசி:
அங்கால. இன்னும் அங்கால.

எட்டு பதினாலாகுமா, தெரியாது.
அந்த நிரல் இன்னும் என் மேசைக்கு வரவில்லை.
பொடியன் ஓரடி வைத்தான்,
தொடைவரை இறங்கினான்,
திரும்பி அவளைப் பார்த்தான்.
பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.
குகநேசனை நினைத்துக்கொண்டேன்.